கசகசா டப்பாவுக்குள் ஒரு நூலகம்

1

இந்தக் கதையை எழுதக் காரணம் என் சொந்தப் புத்தகம். இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது அகப்படுமா என்று இரண்டு நாள் தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை. ஆகவே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பன்னிரண்டு சிறுகதைகள். நான் தமிழில் எழுதியதை ஒரு நண்பர் வங்காளியில் மொழிபெயர்த்தார். முந்நூறு பிரதி அச்சானது. அதில் இருநூற்று நாற்பது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. எதிர்வீட்டு ஹிரண்மய் குஹநியோகிக்கு மட்டும் கணினிக் கோப்பாக அனுப்பினேன், வங்காளி ஒன்று, தமிழ் ஒன்று. தமிழ் தெரியாத மனிதருக்குத் தமிழ்க் கோப்பு எதற்கு என்று கேட்காதீர்கள். எழுத்தாளனின் ஆசைக்கு அளவு கிடையாது. பத்து நாள் கழித்து லிஃப்டில் பார்த்தவர், அண்ணனைத் தாதா என்று அழைக்கும் வங்காளி முறையில் கூப்பிட்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"தாதா, அபாரம்! அதுலயும் அந்த முடிவு!"

பன்னிரண்டு கதைகள் என்றேனே, கவனித்தீர்களா? எந்த முடிவு?

ஒரு வருஷமாக அந்தக் கேள்வி என் நெஞ்சில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. கேட்கவும் முடியாது. கல்கத்தாவில் இருபத்தேழு வருஷம் குடியிருந்துவிட்டு ஒரு வங்காளியிடம் "நிஜமாகவே படித்தீர்களா?" என்று கேட்பது, அவர் வீட்டு மீன் குழம்பைக் குறை சொல்வதற்குச் சமம்.

சரி, தொடங்குகிறேன். முதலில் இப்படி எழுதினேன்:

மாக மாதத்துப் பனி டாக்குரியா ஏரியின் மேல் மெல்லப் படர்ந்து— [பனியில் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன். அடித்தாயிற்று.]

பிறகு இப்படி:

ஹிரண்மய் குஹநியோகி படிக்காத புத்தகம் இந்த உலகத்தில்— [கேள்வியே அதுதான். முதல் வரியிலேயே பதில் சொல்லிவிட்டால் இரண்டாம் வரிக்கு யார் வருவார்கள்?]

மூன்றாவதாக எழுதியது நிற்கும். ஏனென்றால் இது அவர் கதையே இல்லை, அவர் மனைவியின் கதை.

2

லேபிள் ஒட்டாத பாட்டிலைக் கண்டால் சுகல்பா குஹநியோகிக்கு ஆகாது.

பெண்கள் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வுக்கூடத்தை முப்பத்தொரு வருஷம் கட்டி ஆண்டவர். பெயர் தெரியாத திரவம் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் வெடிக்கும் என்பது அவருடைய வேதம். ஓய்வு பெற்றதும் சமையலறை டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டினார். மருந்துகளுக்கு ஒட்டினார். ஒட்ட ஒன்றுமில்லை என்றானபோது கணவரின் மடிக்கணினி கண்ணில் பட்டது.

அதைத் திறந்தார். "புதுசு" என்று ஓர் அடைவு, அதாவது ஃபோல்டர். "புதுசு 2" என்று இன்னொன்று. "அப்புறம்", "கடைசி", "நிஜமாவே கடைசி". ஒரே நாவல் நாலு இடத்தில், நாலு பெயரில்.

"இதென்ன புத்தகமா, மீன் மார்க்கெட் சாக்கா?"

"எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்," என்றார் ஹிரண்மய்.

"அப்படியா? ஸ்டீமர் நாவல் எங்க இருக்கு?"

ஹிரண்மய் தலையிலிருந்த குரங்குக் குல்லாயைக் காதுக்குக் கீழே இழுத்துக்கொண்டார். "இன்னைக்கு என்ன குளிரு," என்றார். இது அவர் வழக்கம். பதில் இல்லாதபோதெல்லாம் அந்த மனிதருக்குக் குளிரும்.

[ஒரு குறிப்பு. வங்காளத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் சரிசமமாகவே அழைத்துக்கொள்வார்கள். அதனால் இருவரையும் "நீ" என்றே பேச விட்டிருக்கிறேன். அதட்டலாகக் கேட்டால், அந்த வீட்டில் கொஞ்சம் அதட்டலும் உண்டு.]

யாரோ சொல்லி, இலவசமாகக் கிடைக்கும் நூலக மென்பொருள் ஒன்றை இறக்கிக்கொண்டார் சுகல்பா. கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கிவந்து, ஆய்வுக்கூடக் குறிப்பு எழுதுவதுபோலத் தேதி போட்டுக் கற்க ஆரம்பித்தார். முதல் வாரமே சறுக்கினார். புத்தகத்தைக் கொடுத்தால் மென்பொருள் அதை ஆசிரியர் பெயரில் தானே ஓர் அடைவு திறந்து உள்ளே வைத்துக்கொள்ளும். இவருக்கு அந்த அடுக்கல் பிடிக்கவில்லை. பின்வாசல் வழியாகப் போய் எல்லாவற்றையும் தன் இஷ்டப்படி மாற்றி வைத்தார். மறுநாள் மென்பொருளைத் திறந்தால், எந்தப் புத்தகத்தைத் தொட்டாலும் "கோப்பைக் காணோம்" என்றது. மறுபடி முதலிலிருந்து எல்லாம். நோட்டில் சிவப்பு மையில் எழுதினார்: "அடுக்குவது அதன் வேலை. சொல்வது என் வேலை. கை வைக்காதே."

அட்டைப் படங்களை வலையிலிருந்து தானே தேடித் தரும் என்றது. தேடித் தந்தது. இலிஷ் மீன் சமையல் புத்தகத்துக்குச் சட்டையில்லாத வெள்ளைக்காரன் ஒருவன் குதிரைமேல் வந்து நின்றான். சுகல்பா அவனை ஒரு நாள் முழுக்க வைத்திருந்துவிட்டுத்தான் மாற்றினார்.

ஆறு வாரம் ஆயிற்று. இரட்டைகள் போயின, பெயர்கள் நேராயின. திரையின் அடியில் ஓர் எண் நின்றது: 2314. ஹிரண்மய் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். சொந்தக்காரர்களை எண்ணிப் பார்த்ததுபோல அவருக்குப் பெருமையாக இருந்தது.

3

அடுத்துத்தான் வினை.

அந்த மென்பொருளில் நமக்கு வேண்டிய கட்டத்தை நாமே சேர்த்துக்கொள்ளலாம். சுகல்பா ஒன்றைச் சேர்த்தார்.

"என்ன கட்டம் இது?"

"'படித்தாயிற்று'. படிச்சிருந்தா டிக். இல்லேன்னா காலி."

ஹிரண்மய் பொரி மெல்வதை நிறுத்தினார். "எதுக்கு?"

"லேபிள்."

"அதெல்லாம் என் மண்டைக்குள்ள இருக்கு."

"மண்டையை பேக்கப் எடுக்க முடியாது."

"சரி, பாதி படிச்சதுக்கு என்ன போடுறது? முன்னுரை மட்டும் படிச்சது? விமரிசனம் படிச்சது? மூணாம் மாடி அஜிதேஷ் படிச்சுட்டு வந்து அளந்ததைக் கேட்டது?"

"கடவுளே, இத்தனை விதம் வெச்சிருக்கியா!"

ஹிரண்மய்க்குக் குளிர ஆரம்பித்தது. குல்லாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. "நீ பாக்க மாட்டேல்ல?"

"பாக்க மாட்டேன்."

"சரஸ்வதி மேல சத்தியமா?"

"சத்தியமா. எனக்கு நிஜமான லேபிள் இருந்தாப் போதும். அதுல என்ன எழுதியிருக்குன்னு நான் படிக்க மாட்டேன்."

நாலு மத்தியானம். பகல் தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு ஹிரண்மய் தனியாக உட்கார்ந்து டிக் போட்டார். பகல் தூக்கத்தை விட்ட வங்காளி பொய் சொல்ல மாட்டான் என்பது என் துணிபு. அது முடிந்த அன்று பௌஷ சங்கராந்தி, நம் பொங்கல் நாள். கொழுக்கட்டை வேகும் நேரத்தில் சுகல்பா மொத்த நூலகத்தையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து, அந்த வீட்டிலேயே விலை உயர்ந்த பொருளோடு வைத்தார். கசகசா டப்பாவில்.

4

[இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால், ஒரு கட்டத்துக்காக ஒரு பெண்மணி ஏன் இப்படித் தவிக்கிறாள் என்று கேட்பீர்கள்.]

முப்பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு சரஸ்வதி பூஜை. வங்காளத்தில் அது நவராத்திரியில் இல்லை, சங்கராந்திக்குப் பிறகு தை மாசிக் குளிரில் வரும். மஞ்சள் சேலை கட்டிய இருபது வயது சுகல்பா, கல்லூரி வாசலில் ஹிரண்மயிடம் ஒரு நாவலைக் கொடுத்தாள். ஸ்டீமர் ஓட்டும் கேப்டன் ஒருவனின் கதை, நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். உள்ளே எழுதியிருந்தாள்: "ஹிரணுக்கு. பாதியில் மூடாதே." அவள் நெஞ்சிலிருந்ததை வாயால் சொல்ல முடியாமல் ஸ்டீமரில் ஏற்றி அனுப்பினாள்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு அவன் ஓடிவந்து, "முடிச்சுட்டேன்! அபாரம்! அதுலயும் அந்த முடிவு!" என்றான்.

[ஆமாம். அதே வார்த்தைகள்.]

அவள் உருகிப்போனாள். ஒன்றரை வருஷத்தில் கல்யாணம் ஆயிற்று. ஆனால் ஆய்வுக்கூடப் பெண்ணல்லவா, ஒரு கணக்கு மட்டும் மனதின் மூலையில் ஓடிக்கொண்டே இருந்தது. பூஜையன்று யாரும் புத்தகத்தைப் படிக்கக் கூடாது. மறுநாள் காலை தயிரும் அவலும் படைத்துப் பூவை எடுத்த பிறகுதான் படிக்கலாம். அது முடிய மணி பத்து. பத்திலிருந்து ஐந்துவரை ஏழு மணி நேரம். மணிக்கு ஐம்பத்தொன்பது பக்கம், சோறு தண்ணீர் இல்லாமல்.

முடியுமா? முடியலாம். காதலில் என்னதான் முடியாது? கேட்டபோதெல்லாம் ஹிரண்மய் "படிச்சேன்னு சொன்னேனே" என்றார். காகிதப் பிரதியை எப்போதோ கரையான் அரித்துவிட்டது. "அது மட்டும் முழுசாப் படிச்சுது," என்பார் சுகல்பா. நல்லவேளை, அதற்கு முன்பே, தான் எழுதிய பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்து வைத்திருந்தார். மென்பொருளில் அந்த எழுத்தையே அட்டைப்படமாக வைத்தார்.

இப்போது தெரிகிறதா, 2314 கட்டங்களில் அவருக்கு வேண்டியது எது என்று? எனக்கு வேண்டியது வேறொன்று. அதனால்தான் நாங்கள் கூட்டாளிகள் ஆனோம்.

5

எங்கள் குடியிருப்பின் பூஜைக் கமிட்டிச் செயலாளர் அஜிதேஷ் சன்யால், மூன்றாம் மாடி. இருபது வருஷமாக ஹிரண்மயோடு தினமும் வாதம் செய்பவர். இந்த வருஷம் குடியிருப்பின் "மகா வாசக"ருக்குச் சால்வை போர்த்துவது என்று அவரே முன்மொழிந்தார். ஹிரண்மய்க்குத் தலைகால் புரியவில்லை.

"என் நூலகத்தை எல்லாருக்கும் திறந்து விடுறேன்!" என்று கூட்டத்திலேயே முழங்கிவிட்டார். "தேவி காலடியில கம்ப்யூட்டரை வெச்சுடலாம். அவங்கவங்க போன்லயே பாத்துக்கட்டும்!"

சுகல்பா இரண்டு நாள் நோட்டும் கையுமாக இருந்து அதையும் கற்றார். பகிர்வது எப்படி என்று கற்றவர், எதை மறைப்பது என்ற அத்தியாயத்துக்கு இன்னும் வரவில்லை.

பூஜை காலை. கீழ்த்தள மண்டபத்தில் தேவியின் முன்னால் குழந்தைகளின் பாடப்புத்தகங்கள், ஒரு தபலா, நடுவில் ஹிரண்மயின் மடிக்கணினி. மனிதர் படியில் நின்று தன் போனில் சோதித்துப் பார்த்தார். பட்டியல் வந்தது. ஒவ்வொரு புத்தகத்துக்குக் கீழும் "படித்தாயிற்று" கட்டமும் சேர்ந்தே வந்தது. டிக் இருந்தவை சில. காலியாக இருந்தவை— [எத்தனை என்று எனக்குத் தெரியாது. அதுதானே கதை.]

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். புஷ்பாஞ்சலிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. சுகல்பா பழம் எடுக்க மாடிக்குப் போயிருந்தார். மனைவி வேலை செய்வதை எட்டிப் பார்த்ததில் ஹிரண்மய் கற்றிருந்தது ஒன்றே ஒன்று, எல்லாவற்றையும் ஒரே தட்டில் தேர்ந்தெடுப்பது. தட்டினார். கட்டத்தில் "ஆம்" என்று கொடுத்தார். 2314 புத்தகங்களும் ஒரே மூச்சில் படித்தாயிற்று. நாலு மத்தியானத்து நேர்மை நாலு நொடியில் போயிற்று.

அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று உடனே உறைத்தது அவருக்கு. திரும்பக் கை வைக்கப் போனார்.

"கையை எடுங்க ஹிரண்பாபு, பூ போட்டாச்சு," என்றார் புரோகிதர். விசைகள்மேல் சாமந்தி விழுந்திருந்தது. இனி நாளைக் காலைவரை யாரும் தொட முடியாது.

மத்தியானம் கிச்சுடிப் பந்தி. அஜிதேஷ் போனைத் திறந்தார். பூஜையன்று புத்தகப் பட்டியல் பார்க்கலாமா என்று யாரோ தடுத்தார்கள். அப்பளம் உடைத்துக்கொண்டிருந்த புரோகிதர் தீர்ப்புச் சொன்னார்: "பட்டியல் பாத்தாப் படிச்சதாகாது. இலந்தைப் பழத்தைப் பாத்தா வாய் புளிக்குதா?"

"சரி. ஹிரண், வாஷிங் மெஷின் கையேடு படிச்சிருக்கே?" என்றார் அஜிதேஷ்.

"மனுஷன் தெரிஞ்சுக்க வேண்டாமா?"

"நாலாம் வகுப்புக் கணக்கு?"

"அஸ்திவாரம், அஜித், அஸ்திவாரம்."

"எதிர்வீட்டு தாதாவோட தமிழ்ப் புத்தகம்? தமிழ் எப்பப்பா கத்துக்கிட்டே?"

பந்தியே என்னைப் பார்த்தது. ஹிரண்மயின் கை தலைக்குப் போயிற்று. பூஜை நாளென்று குல்லாய் போடவில்லை. "முடிவு மட்டும்..." என்றார் பாவம்.

மண்டபம் அதிர்ந்தது. நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடச் சத்தமாக. வயிறு எரியும்போது எனக்கு அப்படித்தான் வரும். சால்வையை மாலையில் போர்த்தத்தான் செய்தார்கள். "வாஷிங் மெஷின் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்ச முதல் வங்காளி," என்று அஜிதேஷ் கட்டிப் பிடித்துக்கொண்டார். வெற்றி யாருடையது என்றே தெரியவில்லை.

சிரிக்காதவர் ஒருவர்தான். சுகல்பா கரண்டியோடு என் இலைக்கு முன்னால் நின்றார். அவர் இன்னொரு கையில் போன் இருந்தது. திரையில் அந்தப் பழைய கையெழுத்து, அதன் கீழே புத்தம் புது டிக்.

"பாத்தீங்களா தாதா," என்றார் மெதுவாக. "இனிமே இதுக்கும் வாஷிங் மெஷினுக்கும் வித்தியாசமே இல்ல." அவர் கண் கலங்கியிருந்தது. கிச்சுடியின் ஆவி என்று எழுதி மழுப்ப எனக்கு மனமில்லை.

6

இங்கே ஒரு முடிவு வேண்டும். மூன்று எழுதி வைத்தேன்.

முதல் முடிவு: மறுநாள் பூவை எடுத்ததும் ஹிரண்மய் மனைவியின் காலடியில் உட்கார்ந்து, "இல்லை, படிக்கலை. உன் முகத்தைத்தான் படிச்சேன்," என்கிறார். [சீ. இதை எழுதிய கையை வெந்நீரில் கழுவினேன்.]

இரண்டாம் முடிவு: அந்த ஏழு மணி நேரத்தில் அவர் நிஜமாகவே முழுதும் படித்திருந்தார். சந்தேகப்பட்டதற்காகச் சுகல்பா— [ஒரு பெண் போட்ட சரியான கணக்குக்காக அவளையே அழ வைக்க மாட்டேன்.]

மூன்றாம் முடிவு: கரையான் வந்து சாட்சி சொல்கிறது. [எனக்குப் பிடித்திருந்தது. என் மனைவி காகிதத்தைக் கிழித்துப் போட்டாள்.]

ஆகவே நடந்ததையே சொல்கிறேன்.

7

பூவை எடுத்த அன்று காலை பதினோரு மணிக்கு சுகல்பா என் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளங்கையில் பென் டிரைவ். அதன் தகர வாய் நிறையக் கசகசா ஒட்டிக்கொண்டிருந்தது.

"சங்கராந்தியன்னைக்கு எடுத்தது. ஹிரண் மாத்துறதுக்கு முன்னால. பாக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினது நான். நீங்க பண்ணல."

"பௌதி..." நான் அவரை அண்ணி என்றுதான் அழைப்பது.

"ஸ்டீமர் நாவலுக்கு டிக் இருக்கான்னு மட்டும் பாருங்க. இருந்தா வந்து சொல்லுங்க, புது வெல்லத்துச் சந்தேஷ் இனிப்பு இருக்கு. இல்லேன்னா ஒண்ணும் சொல்ல வேணாம். டிரைவைக் கதவுக்கு அடியில தள்ளிட்டுப் போயிடுங்க, நான் புரிஞ்சுக்குறேன்." போகிற போக்கில் திரும்பினார். "உங்களோடதையும் வேணும்னா பாத்துக்குங்க."

மூன்று நாள் அது என் மேசைமேல் கிடந்தது. கணினி ஒரு சாண் தள்ளி இருந்தது. பயமாக இருந்தது எனக்கு. அவருடைய முப்பத்தொன்பது வருஷம் அதற்குள் இருக்கிறதே என்று பயந்தேன் என்று எழுதினால் என்னைப் பற்றி உயர்வாக நினைப்பீர்கள். பாதிதான் அது. லிஃப்டில் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிய அந்த ஒரு நிமிஷம் எனக்கு வேண்டியிருந்தது. அதை ஒரு காலிக் கட்டத்துக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை.

நாலாம் நாள் போனேன். "பௌதி, இருக்கு," என்றேன்.

சுகல்பா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "எது?"

"டிக். ஸ்டீமருக்கு. தெளிவா இருக்கு."

"மொத்தம் எத்தனை டிக், தாதா? அடியில எண்ணே போட்டிருக்குமே."

"நெறைய," என்றேன்.

அவர் என் கையிலிருந்து டிரைவை வாங்கினார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாட்டிலைச் சோதிக்கும் அதே பார்வை. பிறகு உதடு மெல்லக் கோணியது.

"கசகசா வெச்ச இடத்துல அப்படியே இருக்கே," என்றார். "சொருகாமலே படிச்சிட்டீங்களா? முடிவு அபாரமா இருந்துச்சா?"

எனக்குக் குல்லாய் இல்லை. ஆனால் குளிர்ந்தது.

அப்போது உள்ளறையிலிருந்து ஹிரண்மயின் குரல் வந்தது. பூவை எடுத்த அன்றே அவர் எல்லா டிக்கையும் அழித்துவிட்டாராம். 2314ம் காலி. படிக்கும் கருவியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு முதல் புத்தகத்தில் இருந்தார்.

"சுகல்பா! இந்தக் கேப்டன் கடைசியில செத்துருவானா?"

"நீதான் படிச்சிருக்கியே!"

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஞாபகம் இருக்கு, ஞாபகம் இருக்கு. உனக்கு ஞாபகம் இருக்கான்னு பாத்தேன்."

சுகல்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சமையலறைக்குப் போய் டிரைவைக் கசகசா டப்பாவில் போட்டு மூடி, ஒரு தட்டில் இரண்டு சந்தேஷோடு வந்தார்.

"ஒண்ணு நல்ல பொய்க்கு," என்றார். "இன்னொண்ணு எதுக்குன்னு தெரியல. சாப்பிடுங்க." பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "பாதியில மூடாதே!"

8

இவ்வளவுதான். அவன் அன்று ஸ்டீமரைப் படித்தானா, இவர் என் கதைகளைப் படித்தாரா என்பதெல்லாம் எதிர்வீட்டு டப்பாவில் இருக்கிறது. திறந்து பார்த்துத்தான் ஆகவேண்டும் என்றால் நீங்கள் போய்க் கேளுங்கள். எனக்குச் சந்தேஷ் கிடைத்துவிட்டது.

இந்தக் கதைக்குக் கீழேயும் ஒரு சின்னக் கட்டம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டிக் போடுவது உங்கள் பாடு. நாலாம் பகுதியைத் தாண்டிக் குதித்து வந்தவர் யார் என்று நான் விசாரிக்கப் போவதில்லை. என்றாவது லிஃப்டில் என்னைப் பார்த்தால் கையைப் பிடித்துக் குலுக்குங்கள். என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் உங்களுக்கே தெரியுமே.